சின்ன வயதில் பட்ட வாட்டத்தைச் செடி எப்படி மறக்காமல் வைத்திருக்கிறது?

'செடிகளுக்கும் ஞாபகசக்தி உண்டு', 'வறட்சியைக் கற்றுக்கொண்ட விதை' என்கிற மாதிரி தலைப்புகள் அறிவியல் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. படிக்கிறவர்களில் சிலர், மூளையே இல்லாத ஒன்றுக்கு நினைவா என்று அப்படியே ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர், ஒருமுறை வாடவிட்ட செடியின் விதை பேரன் பேத்தி வரைக்கும் வறட்சியைத் தாங்கும் என்று முழுசாக நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. செடிக்கு நினைவு இருக்கிறது, அதைச் சோதனைச்சாலையில் அளக்கவும் முடிகிறது. ஆனால் அது ஒரே சங்கதி அல்ல. செல்லுக்குள் நடக்கும் பல வேறு வேலைகளை நாம் அந்த ஒரே பெயரில் அழைக்கிறோம், ஒவ்வொன்றும் எத்தனை நாள் தங்கும் என்பது வேறுபடுகிறது. சில நினைவுகள் ஒரு வாரத்தில் அழிந்துவிடும், சில அந்தச் செடியின் ஆயுள் முழுக்க இருக்கும், வெகு சில மட்டும் விதைக்குள் போகும். எது எந்த வகை என்று பிரிக்காமல் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

## எதை நினைவு என்று எடுத்துக்கொள்வது?

ஒரே மரபணுத் தொகுப்பு கொண்ட இரண்டு நாற்றுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இளம் பருவத்தில் கொஞ்சம் உப்போ, வறட்சியோ, சூடோ கொடுக்கிறோம். மற்றதை அப்படியே வளரவிடுகிறோம். பிறகு இரண்டையும் ஒரே மாதிரி நல்ல நிலையில் வைத்திருந்து, கொஞ்ச நாள் கழித்து இரண்டுக்கும் ஒரே நெருக்கடியைக் கொடுக்கிறோம். அப்போது இரண்டும் வேறுவேறு விதமாக நடந்துகொண்டால், முதல் செடியில் ஏதோ ஒன்று தங்கியிருக்கிறது என்று பொருள். ஆய்வாளர்கள் கேட்பது மூன்றே விஷயங்கள்:

1. முதல் நெருக்கடி உண்மையிலேயே முடிந்துவிட்டதா? செடி இன்னும் தாகத்தில் இருக்கும்போது அளந்துவிட்டு அதை நினைவு என்று சொல்ல முடியாது.
2. முடிந்த பிறகும் செல்லுக்குள் ஏதாவது அடையாளம் மிச்சமிருக்கிறதா?
3. இரண்டாம் முறை வரும்போது எதிர்வினை மாறுகிறதா? சீக்கிரமாக வரலாம், பலமாக வரலாம், சில மரபணுக்களில் முன்பைவிடக் குறைவாகக்கூட வரலாம்.

இதில் மூன்றாவதுதான் முக்கியம். வறட்சியில் வளர்ந்த செடியின் இலை சின்னதாகவும் தடிப்பாகவும் இருக்கும், வேர் ஆழமாகப் போயிருக்கும். அதுவும் பழைய அனுபவத்தின் விளைவுதான், அதுவும் செடிக்கு உதவும். ஆனால் அது உடலமைப்பில் வந்த மாற்றம், பார்த்தாலே தெரிகிறது. இந்தக் கட்டுரை பேசுவது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை: வெளியே இரண்டு செடியும் ஒன்றுபோலவே இருக்கும், அடுத்த அடி விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

## அடையாளம் எங்கே பதிகிறது?

மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளைகளைச் சுற்றியுள்ள காப்புச் செல்களைத் தளரவைத்துத் துளைகளை மூடுகிறது, நீர் ஆவியாவது குறைகிறது. கூடவே, செல்லைப் பாதுகாக்கும் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. தண்ணீர் வந்ததும் ஹார்மோன் அளவு இறங்கிவிடும், மரபணுக்களும் ஓய்ந்துவிடும். பெரும்பாலும் எல்லாமே பழைய நிலைக்கு வந்துவிடும். வராமல் நிற்கிற கொஞ்சத்தில்தான் நினைவு இருக்கிறது.

அது நிற்கிற இடங்களில் முக்கியமானது டிஎன்ஏவும் அதைச் சுற்றியிருப்பதும். டிஎன்ஏ இழை செல்லுக்குள் வெறுமனே கிடப்பதில்லை, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு உருண்டையிலும் சுமார் 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றப்பட்டிருக்கிறது. இந்த ஹிஸ்டோன்களின் வால் பகுதியில் சிறு வேதிக்குறிகள் ஒட்டப்படும். ஹெச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருந்தால் அந்த மரபணு பொதுவாக இயங்குகிற நிலையில் இருக்கும். 27ஆவது இடத்தில் ஒட்டியிருந்தால் மூடிக்கிடக்கும். இதைத் தவிர டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்திலேயே நேரடியாக மெத்தில் ஒட்டுவதும் உண்டு. எழுத்து மாறுவதில்லை, எழுத்தின் மேல் வைக்கும் குறிதான் மாறுகிறது. இந்தத் துறையை மேல்மரபியல் என்கிறார்கள். ஹிஸ்டோன் குறி எளிதில் போட்டு எளிதில் அழிக்கக்கூடியது, டிஎன்ஏ மெத்தில் குறி அதைவிடப் பிடிவாதமானது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

## வறட்சி: ஒரு வாரம்கூடத் தாங்காத நினைவு

2012இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஸோயா அவ்ரமோவா, மைக்கேல் ஃப்ரோம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை (கடுகுக் குடும்பம், தாவர ஆய்வாளர்களின் வழக்கமான சோதனைச் செடி) மண்ணிலிருந்து எடுத்து 2 மணி நேரம் காற்றில் வாடவிட்டார்கள், பிறகு 22 மணி நேரம் ஈரத்தில் வைத்துத் தேற்றினார்கள், மறுபடி வாடவிட்டார்கள். முதல்முறை வாடியதைவிட, பயிற்சி பெற்ற செடிகள் மெதுவாகவே நீரை இழந்தன.

மரபணு அளவில் பார்த்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆர்டி29பி, ராப்18 போன்ற சில மரபணுக்கள் இரண்டாம் வாட்டத்தில் முதல்முறையைவிடப் பல மடங்கு வேலை செய்தன. ஆர்டி29ஏ போன்றவை எத்தனை முறை வாடினாலும் ஒரே அளவில்தான் எதிர்வினை காட்டின. அதாவது வறட்சிக்கு இயங்கும் எல்லா மரபணுக்களுக்கும் நினைவு இல்லை, ஒரு பகுதிக்குத்தான் இருக்கிறது.

தேறியிருக்கும் அந்த 22 மணி நேரத்தில் நினைவுள்ள மரபணுக்கள் கூடுதலாக நகல் (புரதம் தயாரிக்க உதவும் ஆர்என்ஏ பிரதி) எதுவும் எடுப்பதில்லை, அளந்தால் கிட்டத்தட்ட பழைய அளவுதான் வரும். ஆனால் 4ஆவது இடத்து மெத்தில் குறி மட்டும் இறங்காமல் உயரத்திலேயே நிற்கிறது. நகலெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸும் அங்கிருந்து இறங்கிப் போகாமல், என்ஜினை அணைக்காமல் ஓரங்கட்டி நிறுத்திய வண்டி மாதிரி, மரபணுவின் தொடக்கத்திலேயே காத்திருக்கிறது. அடுத்த வாட்டம் வந்ததும் ஆரம்பத்திலிருந்து ஆள் கூட்ட வேண்டிய தேவை இல்லை.

சரி, இது எத்தனை நாள் நிற்கும்? தாராளமாகத் தண்ணீர் கிடைத்தால் 5 நாள் வரை நினைவு இருந்தது, 7 நாள் ஆனபோது போய்விட்டது. அவ்வளவுதான். 'வறட்சியை நினைவில் வைத்திருக்கும் செடி' என்ற தலைப்பைப் படிக்கும்போது இந்த ஒரு வாரக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

## உப்பு: நாற்றுப் பருவத்தில் பட்டது

இளம் பருவத்து அனுபவம் என்ன செய்யும் என்பதை நேரடியாகக் கேட்ட ஆய்வு 2013இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அராபிடாப்சிஸ் நாற்றுகளுக்கு லேசான உப்பைக் கொஞ்ச நேரம் மட்டும் காட்டி, பிறகு சாதாரண நிலைக்கு மாற்றி வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு உப்பு கண்ட செடி எது, காணாத செடி எது என்று பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை உப்பு கொடுத்தபோதுதான் வித்தியாசம் வந்தது: முன்பே பழகிய செடிகள் உடலில் சேர்த்துக்கொண்ட உப்பு குறைவு. வறட்சியையும் அவை கூடுதலாகத் தாங்கின. உப்பும் வறட்சியும் வேரைப் பொறுத்தவரை ஒரே பிரச்சினையின் இரண்டு முகம், இரண்டிலும் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது, அதனால் ஒன்றில் பெற்ற பழக்கம் இன்னொன்றுக்கும் உதவுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

இங்கே மாறியிருந்தது மூடிவைக்கும் குறி, அதாவது 27ஆவது இடத்து மெத்தில். மரபணுத் தொகுப்பில் அந்தக் குறி நீள நீளமான தீவுகளாகப் படர்ந்திருக்கும். உப்பு பட்ட நாற்றுகளின் வேரில் அந்தத் தீவுகளின் ஓரம் குறுகி, நடுவில் இடைவெளியும் விழுந்திருந்தது. பூட்டு முழுக்கத் திறக்கவில்லை, கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நாள் போகப் போக இந்த வித்தியாசம் மங்கியது, ஆனாலும் 10 நாள் கழித்து அளக்கும்போது இன்னும் தெரிந்தது. ஒரு நாற்றின் வாழ்க்கையில் 10 நாள் என்பது சின்ன இடைவெளி அல்ல, அதற்குள் வேர் பல மடங்கு வளர்ந்துவிடும், எத்தனையோ முறை செல் பிரிந்திருக்கும்.

## வெப்பம்: தொட்டுவிட்டு விலகும் புரதம்

வெப்பத்தில் இந்தச் சோதனையைச் செய்வது சுலபம். அராபிடாப்சிஸ் நாற்றை நேரடியாக 44, 45 டிகிரி செல்சியஸில் வைத்தால் செத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு அதே 45க்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்ளும். முதல் சூட்டில் உருவாகும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், மற்ற புரதங்கள் கலைந்து கட்டிதட்டாமல் காக்கின்றன.

இந்தத் தாங்குதிறன் பல நாள் நீடிக்க எச்எஸ்எஃப்ஏ2 என்ற புரதம் வேண்டும். அது இல்லாத செடிகளும் சூட்டுக்குப் பழகத்தான் செய்கின்றன, ஆனால் அந்தப் பழக்கத்தை நீண்ட ஓய்வு வரை வைத்திருக்க முடிவதில்லை. 2016இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் இஸபெல் பாயர்லே குழு பார்த்தது: எச்எஸ்எஃப்ஏ2 நினைவு மரபணுக்களில் வந்து உட்காருவது கொஞ்ச நேரம்தான், பிறகு விலகிவிடுகிறது, ஆனால் அது போன பிறகும் ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் மெத்தில் குறி குறைந்தது இரண்டு நாளாவது நிற்கிறது. பழகுவது வேறு, பழகியதைத் தக்கவைப்பது வேறு, இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

## குளிர்: செல் பிரிந்தாலும் அழியாத நினைவு

மேலே சொன்ன எல்லாமே சில நாள் நினைவுகள். குளிர் விஷயத்தில் கதை வேறு. குளிர்காலக் கோதுமை, ரை போன்ற பயிர்கள் இளம் பருவத்தில் பல வாரக் குளிரைக் கடந்தால்தான் பிறகு ஒழுங்காகப் பூக்கும். 1918இல் குஸ்டாவ் காஸ்னர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இந்தக் குளிர்த் தேவையைச் சோதித்து எழுதினார். தமிழ்ப் பாடநூல்களில் இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். குளிர் பட்டது நாற்றில், பூப்பது மாதங்கள் கழித்து வெயிலில். நடுவில் அந்தத் தகவலை யார் தூக்கிக்கொண்டு போனது?

பிரிட்டனின் நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் குழு பல ஆண்டுகள் இதிலேயே செலவழித்தது. அராபிடாப்சிஸில் எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும்போது அந்த மரபணுவின்மேல் 27ஆவது இடத்து மூடும் குறி சேர்கிறது, கடைசியில் மரபணு அடங்கிவிடுகிறது, வெயில் வந்தாலும் எழுவதில்லை. தடை நீங்கியதால் செடி பூக்கிறது.

இரண்டு வாரக் குளிருக்கும் ஆறு வாரக் குளிருக்கும் செடி எப்படி வித்தியாசம் காண்கிறது? 2011இல் டீனும் கணித உயிரியலாளர் மார்ட்டின் ஹோவர்டும் சேர்ந்து காட்டிய பதில், என் கணிப்பில் இந்தத் துறையிலேயே மிக அழகானது. ஒரு செல்லுக்குள் எஃப்எல்சி பாதி அடங்கிய நிலையில் இருப்பதில்லை, முழுக்க இயங்கும் அல்லது முழுக்க மூடியிருக்கும். குளிர் நீள நீள, மூடிய செல்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. குளிர் எத்தனை நாள் இருந்தது என்ற கணக்கு, செடி முழுவதும் எத்தனை செல்களில் மரபணு மூடிக்கிடக்கிறது என்ற விகிதமாகப் பதிவாகிறது.

செல் பிரியும்போது இந்தக் குறி அழியாததற்கும் காரணம் இருக்கிறது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது குறியுள்ள பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு புதிய இழைகளுக்கும் பங்கு பிரிகின்றன. பழைய குறியை அடையாளம் காணும் நொதித் தொகுதி வந்து பக்கத்திலுள்ள புது ஹிஸ்டோன்களிலும் அதே குறியைப் போட்டுவிடுகிறது. வறட்சி நினைவுக்கு இந்த நகலெடுக்கும் ஏற்பாடு இந்த அளவுக்கு இல்லை, அதனால் அது ஒரு வாரத்தில் போகிறது.

இவ்வளவு உறுதியான நினைவுகூட விதைக்குப் போகும்போது அழிக்கப்படுகிறது. கரு உருவாகும்போது எஃப்எல்சி மறுபடி திறக்கப்படும், அடுத்த தலைமுறை தன் குளிரைத் தானே பட்டாக வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் திரோஃபிம் லைசென்கோ என்ற வேளாண் ஆய்வாளர், குளிரூட்டிய கோதுமையின் மாற்றம் பரம்பரையாக வரும் என்று சொல்லி, மரபியலாளர்களை ஓரங்கட்டி, அரசின் ஆதரவோடு பல ஆண்டுகள் வேளாண் அறிவியலையே தன் பக்கம் இழுத்துச் சென்றார். தட்பப்பதனம் உண்மை, அது பரம்பரையாக வரும் என்பது பொய். இந்தத் துறையில் இன்றைக்கும் தலைமுறை தாண்டும் நினைவு என்றதும் ஆய்வாளர்கள் ஒரு அடி பின்வாங்குவதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம்.

## அப்படியானால் விதைக்குள் எதுவுமே போகாதா?

போகும். ஆனால் அதில் இரண்டு வழியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. தாய் கொடுத்தனுப்புவது. விதையுறை முழுக்கத் தாய்ச்செடியின் திசு. விதைக்குள் சேரும் சத்து, ஹார்மோன் எல்லாம் தாயின் நிலையைப் பொறுத்தது. அராபிடாப்சிஸில் குளிர்ந்த சூழலில் முற்றிய விதைகள் அதிக நாள் உறங்கும், வெதுவெதுப்பில் முற்றியவை சீக்கிரம் முளைக்கும். ஸ்டீவன் பென்ஃபீல்ட் குழு 2014இல் காட்டியபடி, தாயின் வெப்ப அனுபவம் காயின் திசுவில் எஃப்டி என்ற மரபணு வழியாக விதையுறையின் டானின் அளவையே மாற்றுகிறது. இது அசல் நினைவுதான், ஆனால் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

2. மேல்மரபியல் குறிகளும் சிறு ஆர்என்ஏக்களும் (மரபணுக்களை அடக்கிவைக்க உதவும் குட்டி மூலக்கூறுகள்) கருவுக்குள் கடப்பது. விலங்குகளில் இனப்பெருக்கச் செல்கள் கருவிலேயே தனியாகப் பிரிந்துவிடும். செடியில் அப்படி இல்லை, இலையும் தண்டும் தந்த அதே நுனி ஆக்குத்திசுவிலிருந்துதான் (செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் வளரும் நுனி) பின்னால் பூவும் சூலும் மகரந்தமும் வருகின்றன. அதனால் தாய்ச்செடி வாழ்நாளில் பட்டது அதுவரை போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம் 2012இல் வெளிவந்தது. புழு கடித்த அராபிடாப்சிஸ், தக்காளிச் செடிகளின் பிள்ளைகளில் விடப்பட்ட புழுக்கள், கடிபடாத செடிகளின் பிள்ளைகளில் இருந்தவற்றைவிட 50 சதவீதம் வரை சின்னதாக இருந்தன. அராபிடாப்சிஸில் இந்த எதிர்ப்பு இரண்டு தலைமுறை வரை வந்தது. சிறு ஆர்என்ஏ தயாரிக்க முடியாத செடிகளில் இது வரவே இல்லை, ஆகவே தகவலைக் கடத்துவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2016இல் உப்பு நெருக்கடியை வைத்துச் செய்த ஆய்வில், டிஎன்ஏ மெத்தில் மாற்றங்கள் பெரும்பாலும் தாய் வழியாகத்தான் கடந்தன. மகரந்தம் உருவாகும் வழியில் மெத்தில் குறிகளை வெட்டி எடுக்கும் நொதி அவற்றை அழித்துவிடுகிறது. ஒரு தலைமுறை உப்பு இல்லாமல் வளர்ந்தால் பெருமளவு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. 2017இல் பல தலைமுறைக்கு வறட்சி கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் டிஎன்ஏ மெத்தில் அமைப்பு கிட்டத்தட்ட அசையவே இல்லை. கரு வழி நினைவு நடக்கக்கூடியது, ஆனால் அது விதிவிலக்கு என்பதுதான் இப்போதைக்கு நியாயமான முடிவு.

## மறப்பதற்கும் செடி உழைக்கிறது

இதைப் பலர் கவனிப்பதில்லை. 2014இல் அராபிடாப்சிஸில் டிடிஎம்1, எம்ஓஎம்1 என்ற இரண்டு மரபணுக்களையும் சேர்த்து முடக்கியபோது, வெப்பத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் பிள்ளைகள் வரை கசிந்தன. சாதாரணச் செடியில் அந்த இரண்டும் வேலை செய்து அழித்துவிடுகின்றன. நினைவு தானாக மங்குவது மட்டும் இல்லை, செடி அதைத் தேடித் துடைக்கிறது.

ஏன்? தற்காப்பு என்பது செலவு. இலைத்துளையை அரைகுறையாக மூடியே வைத்திருந்தால் கார்பன் டைஆக்சைடும் உள்ளே வராது, வளர்ச்சி குறையும். இந்த வாரம் காய்ந்த மண் அடுத்த வாரம் மழையில் ஊறியிருக்கலாம், பழைய வறட்சிக்காகத் தயாராகவே நிற்கும் செடி பக்கத்துச் செடியிடம் வெயிலை இழந்துவிடும். அடுத்த தலைமுறை விழப்போகும் மண்ணும் தாயின் மண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முழுத் தற்காப்பை எப்போதும் ஓடவிடுவதைவிட, தயார் நிலையில் மட்டும் சில நாள் வைத்துவிட்டுப் பிறகு கலைப்பது மலிவு.

## நாற்றங்காலுக்கும் விதைக்கும் இதனால் என்ன?

நடுவதற்கு முன் நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து, வெயிலும் காற்றும் படவிட்டுக் கடினப்படுத்துவது பழைய வழக்கம். இதில் உடலமைப்பு மாற்றமும் குறுகிய நினைவும் சேர்ந்தே வேலை செய்கின்றன. நினைவுப் பகுதி நாள் கணக்கில் அழிவது என்பதால், கடினப்படுத்திய பிறகு ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் சொகுசாக வைத்திருந்து பிறகு நட்டால் அந்தப் பகுதி மிஞ்சாது, இலைத் தடிப்பும் வேரும்தான் மிஞ்சும். அளவும் முக்கியம். லேசான நெருக்கடிதான் பழக்கும், கடுமையானது வளர்ச்சியை முடக்கி நாற்றைக் கெடுத்துவிடும்.

'வறட்சிக்குப் பழக்கிய விதை' என்று எதையாவது யாராவது சொன்னால் கேட்க வேண்டியது, நடுவில் ஒரு தலைமுறையை நெருக்கடியே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்களா என்பது. பார்க்கவில்லை என்றால், தாய் கொடுத்தனுப்பிய சத்துக்கும் கருவில் பதிந்த குறிக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உதாரணம் மரத்தில்தான் இருக்கிறது. நார்வே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெதுவெதுப்பான இடத்து விதைத்தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விதை எடுத்தபோது, அந்த விதையின் கன்றுகள் இலையுதிர் காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி மொட்டுகளை மூடிக்கொள்வது தாமதமானது. அதே பெற்றோரின் விதை குளிர்ந்த இடத்தில் முற்றினால் கன்றுகள் சீக்கிரம் மூடுகின்றன. கருவாக இருந்த சில வாரங்களின் வெப்பநிலைதான் இதைத் தீர்மானிக்கிறது, மரம் வளர்ந்த பிறகும் இது மாறுவதில்லை. தாமதமாக மூடும் மொட்டு முதல் உறைபனியில் கருகிவிடக்கூடும். ஆகவே காடு வளர்ப்பவர்கள் விதைப் பையின்மேல் தாய்மரத்தின் வம்சத்தை மட்டும் எழுதினால் போதாது, அந்த விதை எந்த இடத்தில், எந்த ஆண்டின் கோடையில் முற்றியது என்பதையும் எழுத வேண்டும். கோடை சூடாகிக்கொண்டே போகும்போது ஒரே மரத்திலிருந்து பத்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு விதைப் பைகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.